பலகைத் தரைக்கு அடியில் இன்சுலேஷன்: பிரிட்டனின் பழைய வீடுகளில் இருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் 1919க்கு முன் கட்டிய வரிசை வீடுகள், ஹாரோ பக்கம் 1930களில் கட்டிய இரட்டை வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்வது இந்த மாதிரி வீடுகளில்தான். மாடிக்கூரைக்கு இன்சுலேஷன் போட்டாயிற்று, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும் வந்தாயிற்று. ஆனாலும் ஜனவரியில் முன்னறையில் உட்கார்ந்தால் கால் சில்லிடுகிறது. அதன் காரணமும் தீர்வும் பற்றிய கேள்விகள் கீழே.

என் வீட்டுத் தரை பலகைத் தரைதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

குதிகாலால் தட்டிப் பாருங்கள். வெறுமையான ஓசை வந்தால் பலகை, கல்லில் தட்டியது போலிருந்தால் கான்கிரீட். வெளியே சுவரின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே துளையிட்ட செங்கற்கள் இருந்தால் பெரும்பாலும் உள்ளே பலகைத் தரை இருக்கிறது என்று பொருள். அவற்றைத்தான் ஏர் பிரிக் என்கிறார்கள். 1930களின் வீடுகளில் முன்னறைகள் பலகையாகவும் சமையலறை கான்கிரீட்டாகவும் இருப்பது சகஜம். அதனால் ஒவ்வோர் அறையையும் தனியாகத் தட்டிப் பாருங்கள்.

தரைக்குக் கீழே ஏன் காலியாக விட்டார்கள்?

மரம் உளுத்துப் போகாமலிருக்க. ஈர மண்ணிலிருந்து நீராவி எழுந்துகொண்டே இருக்கும். ஜாயிஸ்ட் எனப்படும் உத்திரக் கட்டைகளை மண்ணிலிருந்து உயர்த்தி வைத்து, முன்சுவரிலும் பின்சுவரிலும் துளை விட்டால், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஈரத்தோடு வெளியேறும். நூறு வருடம் கழித்தும் அந்தக் கட்டைகள் நிற்பதற்கு இந்தக் காற்றுதான் காரணம். கால் சில்லிடுவதற்கும் இதே காற்றுதான் காரணம். வேலையின் சிக்கல் முழுவதும் இங்கேயே இருக்கிறது: காற்று கீழே ஓட வேண்டும், ஆனால் இன்சுலேஷனுக்குள்ளும் அறைக்குள்ளும் வரக் கூடாது.

தரை வழியாக உண்மையில் எவ்வளவு வெப்பம் போகிறது?

வெப்ப இழப்பை யூ மதிப்பால் சொல்வார்கள். உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பதே அது. எண் குறையக் குறைய நல்லது. இதற்கு எதிர்ப்பக்கம் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறன். அது கூடக் கூட நல்லது.

இன்சுலேஷன் இல்லாத பலகைத் தரையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 மில்லிமீட்டர் பலகையின் ஆர் மதிப்பு 0.15தான். மேலும் கீழும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலங்களுக்குத் தலா 0.17. இவற்றோடு கீழ்வெளியும் மண்ணும் தரும் தடையையும் சேர்த்தால், நடுவரிசை வீடொன்றில் யூ மதிப்பு 0.8 அல்லது 0.9 வாக்கில் வரும். ஜாயிஸ்ட்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் இன்சுலேஷன் கம்பளி (கண்ணாடி இழை, பாறை இழை போன்றவை) வைத்தால் அது 0.3 அளவுக்கு இறங்கும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இழப்பு குறைகிறது.

இது காகிதக் கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பழைய பலகைத் தரைகளில் வெப்ப உணரிகளை ஒட்டி அளந்தபோது, வாய்ப்பாடு சொல்வதைவிட அதிக இழப்பு தெரிந்தது. ஒரே தரையிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம். வெளிச்சுவரை ஒட்டிய, ஏர் பிரிக்குக்குப் பக்கத்துப் பலகைகள் நடு அறையைவிடக் கூடுதலாக இழந்தன. இத்தகைய அளவீட்டுக்கு உதவிய இடங்களில் ஒன்று சால்ஃபோர்டு பல்கலைக்கழகம். பெரிய கூடம் ஒன்றுக்குள் பழைய பாணி வரிசை வீட்டையே கட்டி வைத்திருக்கிறார்கள். வெளிக்குளிரை விரும்பியபடி கூட்டிக் குறைத்து, வானிலைக்குக் காத்திராமல் அளக்கலாம்.

கேஸ் பில் எவ்வளவு குறையும்?

விற்க வருபவர் சொல்வதைவிடக் குறைவாக. கீழ்த்தளம் 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூ மதிப்பு 0.86லிருந்து 0.30க்கு இறங்கினால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 22 வாட் மிச்சம். லண்டன் குளிர்காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,100 யூனிட் வெப்பம். பாய்லர் வீணாக்குவதையும் சேர்த்தால் 1,200 யூனிட் கேஸ். யூனிட் 6.5 பென்ஸ் என்றால் வருடத்துக்கு 80 பவுண்டுக்குள்தான். இடுக்கு வழிக் காற்றை அடைப்பதால் கூடுதலாகக் கொஞ்சம் மிஞ்சும். பலகை முழுவதையும் பெயர்த்துச் செய்யும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். பில்லை மட்டும் பார்த்தால் போட்ட பணம் திரும்பப் பல வருடமாகும். நீங்களே கீழே இறங்கிச் செய்தால் கணக்கு வேறு.

பிறகு எதற்காகச் செய்ய வேண்டும்?

காலுக்காக. அறை 20 டிகிரி, கீழ்வெளி 8 டிகிரி என்று வைத்தால், இன்சுலேஷன் இல்லாத பலகையின் மேற்பரப்பு 16 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும். 100 மில்லிமீட்டர் வைத்த பிறகு 19ஐத் தாண்டும். தவழும் குழந்தையும் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிற வீட்டில் இந்த மூன்று டிகிரிக்கு மதிப்பு அதிகம். கால் சில்லிட்டால் நாம் தெர்மோஸ்டாட்டைத்தான் ஏற்றுகிறோம். தரை சூடாக இருந்தால் அதை 21லிருந்து 20க்கு இறக்கத் தோன்றும். மேலே போட்ட கணக்கில் இந்த மிச்சம் சேரவில்லை.

எத்தனை மில்லிமீட்டர் போட வேண்டும்? சட்டம் ஏதாவது சொல்கிறதா?

இங்கிலாந்தில் தரையின் பாதிக்கு மேல் பெயர்த்துப் புதுப்பித்தால் கட்டட விதிகள் பொருந்தும். அப்போது யூ மதிப்பை 0.25க்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. கட்டையின் ஆழமோ செலவோ இடம் தராவிட்டால் முடிந்த அளவு செய்தால் போதும் என்ற விலக்கும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் 100 மில்லிமீட்டர் கம்பளி 0.30இல் நின்றுவிடுகிறது. 150 போட்டால் 0.23 வரும். பழைய வீடுகளில் ஜாயிஸ்ட் ஆழம் பெரும்பாலும் 100 முதல் 175 வரை. கட்டையின் முழு ஆழத்தையும் நிரப்புங்கள், அதுவே எளிய விதி.

ஒன்றைக் கவனியுங்கள். 50 மில்லிமீட்டர் தடிமன் கட்டைகள் 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால், பரப்பில் அவை எட்டில் ஒரு பங்கு. இடையில் இன்சுலேஷன் வைத்த பிறகு போகும் வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் அவற்றின் வழியாகத்தான் போகிறது. விலையுயர்ந்த பொருள் வாங்கினாலும் கட்டை கட்டையாகவே இருக்கும்.

உறையில் அச்சிட்ட ஆர் மதிப்பு அப்படியே கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

எந்த இன்சுலேஷனும் செய்வது ஒரே வேலைதான்: காற்றையோ வேறு வாயுவையோ சிறு சிறு அறைகளாக நகரவிடாமல் பிடித்து வைப்பது. ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போது அதைச் சுற்றிக் காற்று ஓடாது. உங்கள் தரைக்கு அடியிலோ ஏர் பிரிக் வழியாக நாள் முழுக்கக் காற்று ஓடுகிறது. மூடாத கம்பளியின் இழைகளுக்கு நடுவே அது புகுந்து போனால், பிடித்து வைத்த காற்றும் கூடவே போய்விடும்.

அதைவிட மோசம், கம்பளி தொய்ந்து இறங்கி அதற்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுவது. ஓரத்தில் ஒரு பிளவு கிடைத்தால் போதும், குளிர்காற்று அந்த இடைவெளிக்குள் ஏறிப் பலகையின் அடியைத் தடவிக்கொண்டே ஓடும். கீழே 150 மில்லிமீட்டர் தொங்குகிறது, ஆனால் பலகைக்குப் பாதுகாப்பே இல்லை. வெப்பம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆகவே மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். இன்சுலேஷன் பலகையின் அடியோடு ஒட்டி நிற்க வேண்டும். கட்டையின் இரு பக்கமும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், சுவரை ஒட்டிய கடைசிக் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள குறுகிய சந்து உட்பட. அடிப்பக்கம் காற்றுப் புகாத, ஆனால் நீராவி போகக்கூடிய படலம் வேண்டும். அந்தச் சுவரோரச் சந்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், கை நுழையாது என்பதால். அதிகம் குளிரும் இடமே அதுதான். 100 மில்லிமீட்டரை ஒழுங்காக வைத்த தரை, 150ஐ அலட்சியமாகச் செருகிய தரையை வென்றுவிடும்.

கம்பளியா, பலகை போன்ற கெட்டி நுரையா?

எண்ணைப் பார்த்தால் பி.ஐ.ஆர். எனும் கெட்டிப் பிளாஸ்டிக் நுரைப் பலகைதான் முன்னால் நிற்கும். அதன் வெப்பக் கடத்துதிறன் (குறைந்தால் நல்லது) 0.022 அளவு. கண்ணாடிக் கம்பளியும் பாறைக் கம்பளியும் 0.032 முதல் 0.044 வரை, மரநார் 0.038 வாக்கில், ஆட்டுக் கம்பளியும் அதை ஒட்டியே. கட்டையின் ஆழம் குறைவென்றால் நுரை ஆசை காட்டும்.

ஆனால் நூறு வருடக் கட்டைகள் நேராக இருப்பதில்லை. ஒரு முனையில் 350 இடைவெளி, மறுமுனையில் 362. கெட்டிப் பலகையை ஒவ்வொரு துண்டாக அளந்து அறுத்து, இருபுறப் பிளவுகளையும் நுரையால் நிரப்பி, நாடா ஒட்ட வேண்டும். இவ்வளவு பொறுமையுள்ள ஆள் கிடைப்பது அரிது. கம்பளியும் மரநாரும் சற்று அகலமாக வெட்டினால் தாமே விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பழைய வீட்டுக்கு என் ஓட்டு இவற்றுக்குத்தான். வெள்ளம் வரக்கூடிய ஆற்றோர வீடு மட்டும் விதிவிலக்கு. ஊறிய கம்பளியைத் தூக்கி எறியத்தான் வேண்டும், அங்கே நீர் புகாத நுரை நல்லது.

வெள்ளித்தாள் மாதிரி மெல்லிய ஃபாயில் போதும் என்கிறார்களே?

அதில் இயற்பியல் உண்மை கொஞ்சம் இருக்கிறது. வெப்பம் கீழ்நோக்கிப் போகும்போது சூடான காற்று மேலேயே தங்கிவிடும், சுழலாது. எனவே கதிர்வீச்சின் பங்கு பெரிது. பளபளப்பான ஃபாயில் அதைத் திருப்பி அனுப்பும். ஆனால் அதற்குப் பக்கத்தில் காற்று அசையாமல் இருக்க வேண்டும், ஃபாயிலும் பளபளப்பாகவே இருக்க வேண்டும். தரையடியில் காற்றும் ஓடும், தூசியும் படியும்.

இன்னொரு ஆபத்து மின்சாரம். ஃபாயில் உலோகம். ஸ்டேப்பிள் ஆணி ஒரு கம்பியைக் குத்தினால் தாள் முழுவதும் மின்சாரம் பாயும். நியூசிலாந்தில் வீட்டுத் தரைகளுக்கு அடியில் ஃபாயில் அறைவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஏற்கெனவே மின் இணைப்புள்ள வீடுகளில் அதைப் போடுவதையும் பழுதுபார்ப்பதையும் அந்த நாடு 2016 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது.

ஏர் பிரிக்கை அடைத்துவிட்டால் குளிர் நின்றுவிடாதா? செலவே இல்லையே!

தயவுசெய்து வேண்டாம். குளிர்காற்று நிற்கும், கூடவே ஈரம் வெளியேறுவதும் நிற்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சைக்கு விருந்து. டிரை ராட் எனப்படும் பூஞ்சை ஒருமுறை பிடித்தால் செங்கல் சுவரைத் தாண்டியும் பரவும். அதை எடுக்கும் செலவில் நாலு தரைக்கு இன்சுலேஷன் போடலாம்.

இன்சுலேஷன் போட்ட பிறகு காற்றோட்டம் முன்னைவிட அதிகம் தேவை. இதுவரை உங்கள் அறையின் வெப்பம் கீழே கசிந்து கட்டைகளைக் கொஞ்சம் காய வைத்துக்கொண்டிருந்தது. இனி அது கிடைக்காது. கட்டைகளின் அடிப்பகுதியும் செங்கல் சுவருக்குள் புதைந்த முனைகளும் குளிர்ந்துவிடும். அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அந்த முனைகளில்தான்.

புதிய கட்டடங்களுக்கான விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 1,500 சதுர மில்லிமீட்டர் திறப்பு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500, இரண்டில் எது அதிகமோ அது. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே 150 மில்லிமீட்டராவது வெளி. பழைய வீடுகள் பலவற்றில் இவ்வளவு திறப்பு இருக்காது. களிமண் ஏர் பிரிக்கை எடுத்துவிட்டு அதே அளவு பிளாஸ்டிக் ஒன்றை வைத்தால் திறப்பு சில மடங்கு கூடும். தோட்ட மண், புது நடைபாதை, காய்ந்த இலை எதுவும் துளையை மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டியிருக்கிறோம். ஏதாவது பாதிப்பு?

இருக்கலாம். கான்கிரீட் தரையோடு பின்னால் அறை எழுப்பும்போது பழைய பின்சுவரின் ஏர் பிரிக்குகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். புதுத்தரைக்கு அடியில் குழாய் விட்டு அவற்றை வெளியே இணைத்திருக்க வேண்டும். மலிவாகக் கட்டிய பல வீடுகளில் இது விட்டுப்போயிருக்கிறது. முன்பக்கம் காற்று நுழையும், வெளியேற வழியிருக்காது. இதைச் சரிசெய்யாமல் இன்சுலேஷனைத் தொடாதீர்கள்.

பாலித்தீன் தாளை எந்தப் பக்கம் வைப்பது?

அடிப்பக்கம் ஒருபோதும் வேண்டாம். அறையிலிருந்து இறங்கும் நீராவியும், சமையலறைக் குழாய் ஒழுகினால் வரும் தண்ணீரும் அதில் தேங்கி, கட்டைகளை ஊற வைக்கும். அடியில் வைப்பது மூச்சுவிடும் படலம். நீராவி நுழையாமல் தடுக்கும் தாள் சூடான பக்கத்தில், அதாவது பலகைக்கு நேர் கீழே வர வேண்டும். பலகையைப் பெயர்த்தால்தான் அதை ஒழுங்காக விரிக்க முடியும். மண்ணின் மேல் பாலித்தீன் விரிப்பது தனி விஷயம், ஈரம் எழுவதைக் குறைக்கும், நல்லதே.

மேலிருந்தா, கீழிருந்தா?

தவழ்ந்து நகர இடமிருந்தால் கீழிருந்து. நிலவறை இருக்கிற வீட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். கட்டைகளுக்கு இடையே கம்பளியைப் பலகை முட்டும்வரை செருகி, குறுக்கே படலத்தை இழுத்துக் கட்டி, ஓரங்களை நாடாவால் ஒட்டலாம். தூசு முகமூடியும் துணைக்கு இன்னோர் ஆளும் இல்லாமல் இறங்காதீர்கள். 2000க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய குழாய் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகமான எதையும் கிளறாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இடமில்லாவிட்டால் பலகையைப் பெயர்க்க வேண்டியதுதான். படலத்தைக் கட்டைகளின் மேல் தூளி போலத் தொங்கவிட்டு, அதற்குள் கம்பளியைக் கட்டையின் மேல்விளிம்பு வரை நிரப்பிப் பலகையை மூடுவார்கள். படலம் கட்டையின் பக்கத்தை ஒட்டி இறங்க வேண்டும். வட்டமாகத் தொங்கினால் ஓரங்களில் கம்பளி மெலிந்துவிடும். நாவும் பள்ளமுமாகப் பூட்டிய பழைய பலகைகள் பெயர்க்கும்போது சில உடையும், மாற்றுப் பலகைக்குக் காசு ஒதுக்கி வையுங்கள்.

ஸ்ப்ரே நுரை அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமாமே?

முடிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. கட்டை நுரைக்குள் மறைந்துவிட்டால் அதன் நிலையை யாரும் பார்க்க முடியாது. கூரையில் ஸ்ப்ரே நுரை அடித்த வீடுகளுக்கு அடமானக் கடன் தரப் பல வங்கிகள் தயங்குவது தெரிந்ததே. வீட்டை விற்கும்போது சர்வேயர் தரையடியையும் கேட்பார். அவசரத்துக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

மின்கம்பி, தண்ணீர்க் குழாய்?

கம்பி வேலை செய்யும்போது சூடாகும். இன்சுலேஷன் முழுவதுமாகச் சூழ்ந்து அரை மீட்டருக்கு மேல் ஓடும் கம்பி, திறந்த நிலையில் தாங்குவதில் பாதி மின்னோட்டத்தையே தாங்கும் என்று பிரிட்டிஷ் மின் விதிகள் கணக்கிடச் சொல்கின்றன. மின்சார அடுப்பு, ஷவர் கம்பிகள்தான் கவலைக்குரியவை. எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளை பாலிஸ்டைரீனில் பி.வி.சி. கம்பி உரசிக் கிடந்தால் கம்பியின் உறை நாளடைவில் இறுகி வெடிக்கும்.

குழாய்கள் இன்சுலேஷனுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் இனி அவை முன்னைவிடக் குளிரில் கிடக்கும். உறை போடாவிட்டால் கடுங்குளிரில் உறைந்து வெடிக்கலாம்.

தடிமனான கார்பெட் போட்டாலே போதாதா?

கார்பெட்டின் வெப்பத் தடையை டாக் என்ற அளவில் சொல்வார்கள், டுவே போர்வைக்குச் சொல்லும் அதே டாக். ஒரு டாக் 0.1 ஆர் மதிப்பு. நல்ல கார்பெட்டும் விரிப்பும் சேர்ந்து 2.5 டாக், அதாவது 0.25. கட்டைகளுக்கு இடையே வைக்கும் 100 மில்லிமீட்டர் கம்பளி 2.7. ஆனாலும் கார்பெட் பலகை இடுக்குகளின் காற்றைத் தணிக்கும், காலுக்கு இதமாக இருக்கும். கையில் காசில்லாத வருடத்துக்கு, சுவரின் அடியோரம் அடித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைத்து, நல்ல விரிப்போடு கார்பெட் போடுவது மோசமான முடிவல்ல.

கரியடுப்பு, விறகடுப்பு உள்ள அறை?

அடுப்புக்கு வேண்டிய காற்றில் ஒரு பகுதி தரை இடுக்கு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. தரையை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. தனித் திறப்பு வேண்டுமா என்று தகுதியுள்ளவரிடம் கேளுங்கள். எச்சரிக்கைக் கருவியும் அவசியம்.

கார்ன்வால், டெவன், டெர்பிஷயர் போன்ற, மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு எழும் பகுதிகளில் தரையடிக் காற்றோட்டம் இன்னும் முக்கியம். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஒரு கனமீட்டருக்கு 200 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

வாடகை வீடு, அல்லது லீஸ்ஹோல்டு ஃபிளாட்?

வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் எழுத்து அனுமதியின்றித் தொடக் கூடாது. கீழ்த்தள ஃபிளாட்டைச் சொந்தமாக வாங்கியிருந்தாலும் தரைக்குக் கீழுள்ள வெளி நிலத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையதாக இருக்கலாம், லீஸ் பத்திரத்தைப் பாருங்கள். பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடம் என்றால் கவுன்சில் அனுமதி தேவைப்படலாம்.

வேலை ஒழுங்காக நடந்ததா என்று எப்படித் தெரியும்?

பலகையை ஆணியடித்த பிறகு பார்க்க முடியாது. அதனால் மூடுவதற்கு முன் கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் ஃபோனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்: கம்பளி கட்டையின் மேல்விளிம்பைத் தொடுகிறதா, சுவரோரச் சந்து நிரம்பியிருக்கிறதா, நாடா ஒட்டியிருக்கிறதா, ஏர் பிரிக்கின் வாயில் எதுவும் தொங்கவில்லையா. இந்தப் படங்களைக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை என்று கொத்தனாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். மூடிய பிறகு, காற்றடிக்கும் ஒரு குளிர் இரவில் ஊதுபத்தியை ஸ்கர்ட்டிங் பலகை ஓரமாகக் கொண்டு போனால் புகை வளையும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. வெப்பக் கேமரா வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் தெளிவு. அடுத்த குளிர்காலத்தில் ஒருமுறை, ஒரு பலகையைத் தூக்கி, ஜாயிஸ்ட் முனையில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூடிவிடலாம். மேலே இருந்தால், முதலில் போய்ப் பார்க்க வேண்டியது வெளியே இருக்கும் ஏர் பிரிக்.